அறளை பெயர்தல் முதுமையின் விதியா?

வயது போனவர் ஒருவர் சாமான் வைத்த இடத்தை மறந்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று கூறி அத்துடன் விட்டுவிடுவது எமது கிராமங்களில் வழமை. மயிர் நரைப்பது போல, பல் விழுவது போல, அறிவு மங்குவதும் முதுமையில் வந்தே தீரும் என்பது இப்பேச்சின் உட்பொருள். வந்தே தீரும் என்று எண்ணும் ஒன்றுக்கு எவரும் வைத்தியரைத் தேடுவதில்லை, தடுக்கவும் முனைவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். அத்தொகை தொடர்ந்து கூடி வருகின்றது. ஆகவே இவ்வெண்ணம் சரியானதா என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

இக்கேள்விக்குப் பெரிதும் வெளிச்சம் தந்த ஆய்வுகளுள் ஒன்று கன்னியர் மடங்களிலே நடைபெற்றது என்பது எமது வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

மறதியும் மறதி நோயும்

வயது ஏற ஏற, பெயர்கள் உடனே நினைவுக்கு வராமையும் புதியதைக் கற்கக் கூடிய நேரம் எடுப்பதும் இயல்பு. இது நோயன்று. சமைத்துப் பழகிய தாய் கறி வைக்கும் முறையையே மறப்பதும், பழகிய ஒழுங்கையில் வழி தவறுவதும், காசுக் கணக்குப் பார்க்க முடியாமற் போவதும் வேறு. இவை மூளையைப் பற்றிய நோயின் அறிகுறிகள். இந்நோய்களுள் முதன்மையானதை ஜெர்மானிய வைத்தியரான அலோயிஸ் அல்சைமர் 1906இல் விபரித்தார். இறந்த பெண்ணொருவரின் மூளையை அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் அவற்றின் உள்ளே சிக்கலான நார் முடிச்சுக்களையும் கண்டார். இப்படிவுகளும் முடிச்சுக்களும் இன்றும் அல்சைமர் நோயின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் அடைபடுவது மறதி நோய்க்கான மற்றொரு முக்கிய காரணமாகும்.

678 அருட்சகோதரிகள்

டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர் 1986இல் ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், நோத்ர்தாம் கல்விச் சகோதரிகளின் மடமொன்றில் தமது ஆய்வை ஆரம்பித்தார். 1833இல் பவேரியாவில் தோன்றிய இச்சபையின் பணி கல்வி புகட்டுவதாகும். பின்னர் அமெரிக்காவில் உள்ள ஏனைய மடங்களுக்கும் ஆய்வு விரிந்தது. 75 வயதுக்கும் 102 வயதுக்கும் இடைப்பட்ட 678 சகோதரிகள் இதில் இணைந்தார்கள். காலத்துக்குக் காலம் நினைவாற்றற் சோதனைகளுக்கு உட்படவும், தம் மரணத்தின் பின் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் அவர்கள் மனமுவந்து சம்மதித்தார்கள்.

கன்னியரைத் தெரிந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. இருவரை ஒப்பிடும்போது ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர். ஒருவர் வசதியுள்ளவர், மற்றவர் வறியவர் என்றெல்லாம் வேறுபாடுகள் இருந்தால் எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிதல் கடினம். ஒரே கூரையின் கீழ், ஒரே உணவை உண்டு, ஒரே ஒழுங்கில் பல்லாண்டு வாழ்ந்தவர்களிடத்தில் இச்சிக்கல் பெருமளவு குறைகின்றது. மேலும் மடங்களில் பழைய பதிவேடுகள் பத்திரமாக இருந்தன.

இளமையில் எழுதிய ஒரு பக்கம்

அப்பதிவேடுகளில், வார்த்தைப்பாடு கொடுக்குமுன் சகோதரிகள் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சிறு குறிப்புக்களும் இருந்தன. எழுதியபோது அவர்களின் சராசரி வயது 22. ஆய்வாளர்கள் 93 பேரின் குறிப்புக்களை எடுத்து, ஒவ்வொரு பத்துச் சொல்லிலும் எத்தனை கருத்துக்கள் அடங்கியுள்ளன என்று எண்ணினார்கள். "எனது தந்தை கமக்காரர். நாம் ஐந்து பிள்ளைகள்" என்று எழுதுவது ஒருவகை. "மழை பொய்த்த ஆண்டிலும் எம்மைப் படிப்பித்த தந்தையின் பொறுமையே என்னை இவ்வழிக்கு ஈர்த்தது" என்று எழுதுவது மற்றொரு வகை. (இவை விளக்கத்துக்காக நாம் எழுதிய வாக்கியங்கள்.)

1996இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. இளமையில் கருத்துச் செறிவு குறைய எழுதியவர்களே, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின் நினைவாற்றற் சோதனைகளில் குறைந்த புள்ளிகளைப் பெற்றார்கள். அக்குழுவில் அதுவரை இறந்திருந்த 14 பேருள், கருத்துச் செறிவு குறைந்திருந்த அனைவரின் மூளையிலும் அல்சைமர் நோய் காணப்பட்டது. செறிவு கூடியிருந்த எவரிடமும் காணப்படவில்லை.

இதிலிருந்து அவசர முடிவுக்கு வரலாகாது. இளமையில் வளராத மொழியாற்றல் நோய்க்கு இடங்கொடுத்ததா, அல்லது நோயின் மிக முந்திய சாயல்தான் அவ்வெழுத்தில் தெரிந்ததா என்பதை இவ்வாய்வு மட்டும் தீர்க்காது. ஆயினும் முதுமையின் அறிவுநலம் முதுமையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது தெளிவாயிற்று.

நோயுற்ற மூளை, தெளிந்த அறிவு

ஆய்வில் பெரிதும் பேசப்பட்டவர் சகோதரி மேரி. 101 வயதில் இறந்த அவர், இறப்பதற்கு முன்னரும் சோதனைகளில் உயர்ந்த புள்ளிகளைப் பெற்றிருந்தார். அவரது மூளையைத் திறந்து பார்த்தபோதோ, அல்சைமர் நோயின் படிவுகளும் முடிச்சுக்களும் நிறைந்திருந்தன. நோய் இருந்தது, ஆனால் அறிவு மங்கவில்லை.

இதனை விளக்க அறிஞர்கள் "அறிவுச் சேமிப்பு" என்னும் கருத்தைக் கூறுகின்றனர். வரட்சி வந்தால் ஆழமற்ற குளம் முதலில் வற்றும். ஆழமான குளம் நின்று பிடிக்கும். இரண்டுக்கும் வெயில் ஒன்றே. படிப்பு, வாசிப்பு, பொறுப்பான வேலை, மனிதரோடு பழகுதல் ஆகியவை மூளையின் குளத்தை ஆழப்படுத்துகின்றன.

குளக்கட்டு உடைந்தால் ஆழமிருந்தும் பயனில்லை என்பதையும் இதே ஆய்வு காட்டிற்று. 1997இல் 102 சகோதரிகளின் மூளைகளைப் பற்றிய முடிவு வெளிவந்தது. அவர்களுள் 61 பேரின் மூளையில் அல்சைமர் நோய் இருந்தது. அந்த 61 பேருள், மூளையின் உட்பகுதியில் சிறு குருதி அடைப்புக்களும் இருந்தவர்களே மிக அதிகமாக மறதி நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அல்சைமர் இல்லாதவர்களிடத்தில் அதே அடைப்புக்கள் அவ்வளவு கேடு செய்யவில்லை. ஒரு நோய்க்கு மற்றது துணை போகும்போது மனிதர் எளிதில் வீழ்கிறார். அல்சைமரை முற்றாக மாற்றும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் குருதி அடைப்பைத் தடுக்க வழி உண்டு. அது எமது கிராமங்களுக்கும் எட்டக்கூடியது.

பின்வந்த ஆய்வுகள்

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய எல்லாம் இரண்டு ஆண்டுகள் சேர்த்து வழங்கப்பட்டன. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் அறிவாற்றல் மேம்பட்டது. வேறுபாடு பெரிதல்ல, ஆயினும் முயற்சி வீண்போகவில்லை.

லான்செற் மருத்துவ ஏடு அமைத்த குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, காது கேளாமை, திருத்தப்படாத பார்வைக் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகுந்த மது, தலையில் அடிபடுதல், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பனவே அவை. இவையனைத்தையும் நீக்க முடியுமாயின் உலகிலுள்ள மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று அக்குழு மதிப்பிட்டது.

நாம் செய்யக்கூடியவை

1. நாற்பது வயதிலிருந்தே பிரஷரையும் சீனியையும் சோதித்துக் கொள்வோம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இதற்குக் காசு இல்லை. "இப்போது சுகம்" என்று குளிசையை நிறுத்துவதே எமது பெருந்தவறு.

2. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவரின் மூளைக்கு வேலையில்லை. காதையும் கண்ணையும் காலத்தோடு காட்டுவோம்.

3. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறிக்காதிருப்போம். தோட்டத்துக்கும் கடலுக்கும் கூலிக்குமென்று இடையில் நின்ற பிள்ளை இழப்பது உத்தியோகத்தை மட்டுமன்று. எழுபது வயதில் தேவைப்படும் சேமிப்பையும் இழக்கின்றது.

4. பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தனி வீட்டில் என்னும் நிலை எமது ஊர்களில் பெருகிவிட்டது. முதியோர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் பத்திரிகை வாசிப்புக்கும் உரையாடலுக்கும் இடமாகட்டும். முதியவரிடம் ஆசி மட்டும் கேட்காது வேலையும் கொடுப்போம்.

5. குழப்பம் திடீரெனத் தோன்றினால் வைத்தியரிடம் கொண்டு செல்வோம். உயிர்ச்சத்து பி12 குறைவு, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுட் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. செய்வினை என்று அலைந்து காலத்தைப் போக்குவது கொடுமை.

இவ்வளவும் செய்தும் நோய் வரலாம். நன்கு கற்றவர்க்கும் ஒழுங்காய் வாழ்ந்தவர்க்கும் வந்திருக்கின்றது. ஆதலால் நோயுற்றவரையோ குடும்பத்தையோ குறை கூற எவருக்கும் உரிமையில்லை. தந்தையின் அறிவு தளர்ந்த காலத்திலும் அவரை இகழாது பொறுத்துக்கொள்ளுமாறு சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குப் பணிக்கின்றது. அப்பொறுமை இரவு பகலாய்ப் பார்க்கும் ஒரு மகளின் தலையில் மட்டும் சுமத்தப்படலாகாது. வாரத்தில் அரை நாள் அவ்வீட்டுக்குச் சென்று முதியவரோடு இருந்து, மகளுக்கு ஓய்வு கொடுக்கப் பங்கிலே நாலு பேர் முன்வந்தால் அதுவும் அபிவிருத்திப் பணியே.

அந்த 678 சகோதரிகளுள் பெரும்பாலோர் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள்; அவர்கள் அனைவரும் இறந்த பின்னரும் எமக்குப் படிப்பிக்கின்றார்கள். அடுத்த முறை ஒரு முதியவரைப் பார்த்து "அறளை" என்ற சொல் எமது வாயில் வருமாயின், சற்று நின்று அவரது பிரஷரை எப்போது பார்த்தோம், அவரோடு எப்போது பேசினோம் என்று எம்மையே கேட்டுக்கொள்வோம்.