காப்புரிமை முகவரும் உழவரும்

கருப்பாநதிப் பாசனத்தில் நெல் நடுபவராயினும், கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் எலுமிச்சையும் தென்னையும் வளர்ப்பவராயினும், கையிலுள்ள கருவியைத் தம் வசதிக்கேற்பத் திருத்திக் கொள்ளாத உழவர் இல்லை. ஒருவர் களைக்கொத்தின் வளைவை மாற்றுவார். மற்றொருவர் மருந்து தெளிப்பானுக்குப் புதிய மூக்கு பொருத்துவார். இத்தகைய திருத்தங்களுள் சில, உலகில் எங்கும் இதுவரை இல்லாத புதிய கண்டுபிடிப்பாகவே அமைந்து விடுவதுண்டு. அடுத்த ஆண்டு அதே கருவி வெளியூர்ப் பட்டறை ஒன்றில் தயாராகிச் சந்தைக்கு வரும். கண்டுபிடித்தவர் அதையே விலை கொடுத்து வாங்கும் நிலை ஏற்படும்.

இதைத் தடுக்கச் சட்டம் வழி செய்துள்ளது. அந்த வழியில் உங்களுக்குத் துணை வருபவரே காப்புரிமை முகவர். அவர் யார், என்ன செய்வார், அவரிடம் எப்போது செல்ல வேண்டும் என்பதை உழவர்கள் அறிந்திருப்பது நல்லது.

காப்புரிமை என்றால் என்ன?

பேடண்ட் என்று வழங்கப்படும் காப்புரிமை, அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே உள்ள ஓர் ஒப்பந்தம் போன்றது. கண்டுபிடித்தவர் தம் கருவியின் நுட்பத்தை ஒளிவு மறைவின்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, அவருடைய இசைவின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு உரிமை வழங்குகிறது. நம் நாட்டில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறையில் உள்ளது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறை அறிந்தவர்க்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்படத்தக்கதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால்தான் காப்புரிமை கிடைக்கும்.

முகவரின் மூன்று வேலைகள்

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பது நம் வழக்கம். முகவரின் முதல் வேலையும் அதுவே. இதே கருவி வேறு நாட்டிலோ, பழைய நூலிலோ, முந்தைய விண்ணப்பத்திலோ உள்ளதா என்று அவர் தேடிப் பார்ப்பார். இருந்தால் உங்கள் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று முன்பே கூறிவிடுவார்.

இரண்டாவது வேலை விவரக் குறிப்பு எழுதுவது. இதன் உயிர்நாடி உரிமைக் கோரிக்கை என்னும் பகுதியாகும். பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவதற்கு இதை ஒப்பிடலாம். எல்லையைக் குறுக்கி எழுதினால் உங்கள் நிலம் பறிபோகும். நீட்டி எழுதினால் பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போடுவார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முள் கையில் படாமல் எலுமிச்சை பறிக்க நீங்கள் ஒரு கருவி செய்ததாக வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாய், நுனியில் கத்தி, கத்தி மூடும்போது தானே விரியும் நீல நிறப் பை ஆகியவை அதன் பகுதிகள். "நீண்ட கம்பின் நுனியில் வெட்டும் பகுதி உள்ள கருவி" என்று உரிமை கோரினால் அது தள்ளுபடியாகும். ஏனெனில் நம் பாட்டன் காலத்துத் துறட்டியே அப்படிப்பட்டதுதான். "இரும்புக் குழாயும் நீலப் பையும் உள்ள கருவி" என்று கோரினால், அடுத்தவர் மூங்கில் கழியில் வெள்ளைப் பையைக் கட்டி விற்றுத் தப்பித்துக் கொள்வார். கத்தியின் அசைவே பையை விரிக்கும் அமைப்புதான் இங்குப் புதுமை. கம்பு எதனால் ஆனது, பை என்ன நிறம் என்பவற்றை விட்டுவிட்டு, அந்த அமைப்பை மட்டும் சுற்றி எல்லை வகுப்பவரே திறமையான முகவர்.

மூன்றாவது வேலை, காப்புரிமை அலுவலகத்தின் தேர்வாளர் எழுப்பும் ஆட்சேபனைகளுக்கு உரிய காலத்தில் பதில் தந்து, தேவையானால் நேரில் வாதாடுவது. உரிமை கிடைத்த பின்னும் வேலை ஓயாது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். இது நிலத் தீர்வை போன்றது. கட்டத் தவறினால் உரிமை காலாவதியாகும்.

பங்கா இழுத்த பொறி

இத்தொழிலின் தொடக்கம் நம் நாட்டில் 1856ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. அந்த ஆண்டுதான் இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். அக்காலத்தில் கூரையில் தொங்கிய பங்காவை ஆள் வைத்துக் கயிற்றால் இழுப்பார்கள். அதை இழுக்க ஒரு பொறி செய்ததே அவருடைய கண்டுபிடிப்பு. தம் பொருளுக்கு உரிமை தேடிய அவருடைய பெயரில் அமைந்த காப்புரிமை நிறுவனம் இன்று சென்னையில் இயங்கி வருகிறது.

உழவுத் தொழிலுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டும் உண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் அப்பச்சன் என்று அழைக்கப்பட்ட எம். ஜே. ஜோசப், கால்களை மாற்றி மாற்றி வைத்துத் தென்னை ஏறும் கருவியை உருவாக்கினார். அதற்கு இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது.

மஞ்சள் தந்த பாடம்

முகவரின் அறிவு உரிமை பெறுவதற்கு மட்டுமன்றி, தவறான உரிமையைத் தடுக்கவும் பயன்படும். 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு, மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்காக அந்நாட்டுக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்ததுதானே என்று நாம் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பு சான்றாகாது. நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய வடமொழி நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் ஆவணங்களாகக் காட்டி வாதிட்டது. 1997இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. வேம்பு எண்ணெயைக் கொண்டு பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் தரப்பட்ட உரிமையும் 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீட்டிலும் அம்முடிவு உறுதியாயிற்று. எழுத்தில் உள்ள சான்றின் வலிமை இதுவே.

நம் நாட்டுச் சட்டப்படி, ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின் உரிமை வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். உழவருக்கும் அந்த உரிமை உண்டு.

எவற்றிற்குக் கிடைக்காது?

சாகுபடி முறைக்குக் காப்புரிமை கிடையாது. செடிகள், விதைகள், பயிர் ரகங்கள் ஆகியவற்றுக்கும் இல்லை. வழிவழி வந்த அறிவுக்கும் கிடையாது. எனவே புதிய நடவு இடைவெளி கண்டுபிடித்தேன் என்று முகவரிடம் செல்ல வேண்டாம்.

பயிர் ரகங்களுக்குத் தனிச் சட்டம் உள்ளது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் பாதுகாத்து வரும் ரகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பதிவான ரகத்தின் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. வணிகப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பது மட்டுமே தடை. 2019இல் பெப்சிகோ நிறுவனம், தான் பதிவு செய்திருந்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர்கள் சிலர்மீது வழக்குத் தொடர்ந்து, நால்வரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. இந்தச் சட்டத்தை முன்வைத்து நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற முன்வந்தது. சட்டம் அறிந்தவர் அருகில் இல்லாவிடில் ஒரு சிறு விவசாயி இதைத் தனியே தாங்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஓர் ஊரின் சிறப்புப் பொருளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் இதைப் பெற்றது. இதன் பதிவகமும் சென்னையில்தான் உள்ளது.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்

பேடண்ட் அட்டர்னி என்று பேச்சு வழக்கில் கூறினாலும், நம் சட்டம் கூறும் பெயர் காப்புரிமை முகவர் என்பதே. இதற்கு வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. 21 வயது நிறைந்த இந்தியக் குடிமகனாய், அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவர் தேர்வு எழுதலாம். வேளாண்மைப் பட்டதாரியும், வேளாண் பொறியியல் படித்தவரும் இதற்குத் தகுதியுடையோரே. சட்டம் பற்றி ஒரு தாளும், விவரக் குறிப்பு எழுதுவது பற்றி ஒரு தாளும், நேர்முகத் தேர்வும் உண்டு. இரு தாள்களில் ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடும், மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும். பிறகு பதிவேட்டில் பெயர் சேர்க்கப்படும். சட்டமும் படித்தவராயின் உயர் நீதிமன்றத்திலும் வாதாடலாம். கலப்பையும் தெரிந்து, சட்டமும் தெரிந்த முகவர் நம் வட்டாரத்திற்குத் தேவை.

கவனிக்க வேண்டியவை

1. விண்ணப்பிக்கும் முன் கருவியைக் கண்காட்சியில் வைக்காதீர்கள், விற்காதீர்கள், செய்தித்தாளுக்கும் கொடுக்காதீர்கள். வெளியானால் புதுமை போய்விடும். அரசு இதற்கென அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

2. கருவி முழுமை பெறாவிட்டாலும் தற்காலிக விவரக் குறிப்புடன் விண்ணப்பிக்கலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரம் தர வேண்டும். முந்தி விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை.

3. தனிநபர் இணைய வழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் ரூ.1,600. பரிசீலனை கோரத் தனியாக ரூ.4,000. விண்ணப்பிப்பதற்காகப் பொதிகை வண்டியேறிச் சென்னை கிண்டி அலுவலகம் செல்ல வேண்டிய கட்டாயமில்லை.

4. முகவரின் ஊதியம் வேறு. அதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். அவருடைய பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். கட்டாயம் உரிமை வாங்கித் தருகிறேன் என்று கூறுபவரை நம்ப வேண்டாம்.

5. செலவு தாங்காதோர், அடித்தட்டு மக்களின் கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பித்து உதவும் குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனத்தை அணுகலாம்.

கண்டுபிடித்த நாள், செய்த மாற்றம், படம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கருவியின் செக்குபந்தியை முகவர் எழுதுவதற்கு முதல் ஆவணம் அந்தக் குறிப்பேடுதான்.