கடலுக்குள் கப்பல் நிலைகொள்வது எப்படி?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையிலுள்ள குடிபாலாவுக்குக் கடல் வெகுதூரம். ஆயினும் அப்பக்கத்துக் கிணறுகளில் குதித்து நீந்தி வளர்ந்த பிள்ளைகளுக்கு நீர்மூழ்கிக் கப்பலின் இரகசியத்தில் பாதி முன்பே தெரியும். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால் உடல் மிதக்கிறது; விட்டால் அமிழ்கிறது. ஆழத்தில் நீர் நெஞ்சை நெருக்க, அமிழ்வது விரைவாகிறது. மீதிப் பாதியை அறிய, இதே ஆந்திர மாநிலத்தின் துறைமுகமான விசாகப்பட்டினத்துக்குச் செல்லவேண்டும்.

அங்கே கடற்கரையில் 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கி கரையேற்றி வைக்கப்பட்டுள்ளது. சோவியத் நாட்டில் கட்டப்பெற்று 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல் 2001-இல் ஓய்வு பெற்றது. 2002 முதல் காட்சிக்கூடமாக விளங்குகிறது. நீளம் 91 மீட்டர். மேலே மிதக்கையில் 1,950 டன் நீரை விலக்கும்; மூழ்கினால் 2,475 டன். மூழ்குங்கால் தொட்டிகளில் அது ஏற்றிக்கொள்ளும் கடல்நீரே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

தொட்டிகளைத் திறந்துவிட்டால் எந்த நீர்மூழ்கியும் மூழ்கும். விரும்பிய ஆழத்தில் நிற்பதில்தான் தொல்லை. கப்பலின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சரிநிகராக இருத்தல் வேண்டும். சற்றே கீழிறங்கினாலும் நீரின் அழுத்தம் கப்பலின் ஓட்டை நெருக்குகிறது. விலக்கும் நீர் குறைகிறது. கப்பல் மேலும் இறங்கப் பார்க்கிறது. மேலேறினாலோ இதற்கு நேர்மாறு.

நமது வங்கக் கடல் இவ்விஷயத்தில் பொல்லாதது. மழைக்காலத்தில் கங்கை, மகாநதி, கோதாவரி வெள்ளம் கலந்து மேல்நீரின் உப்பு குறைந்துவிடும். நீரின் அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலே குர்சுராவுக்கு ஏறத்தாழ 2.5 டன் பாரம் கூடியது போலாகும்! உடனே அந்த அளவு நீரை வெளியேற்றியாக வேண்டும்.

அதுவரை கப்பலைத் தாங்குவன பக்கவாட்டிலுள்ள கிடைச் சுக்கான்கள். மீனின் செட்டைகளைப் போன்ற இவை, நீர் தம்மீது ஓடினால்தான் வேலை செய்யும். வேகம் பாதியானால் அவற்றின் பிடிப்பு நான்கில் ஒன்றாகிவிடும். பகைவரின் காதுக்கு எட்டாமல் மெல்லச் செல்லவேண்டும். மின்கலத்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும். அப்படி மெல்லச் செல்லும்போதே சுக்கான் கைவிடுகிறது. குர்சுராவில் பணியாற்றிய எழுபத்தைந்து பேரின் உயிர் இந்தக் கணக்கைத்தான் நம்பியிருந்தது. டார்பிடோக்களை வியப்போர், சுக்கானருகே கண் கொட்டாது அமர்ந்திருந்த மாலுமியையும் சிறிது நினைத்தல் தகும்.

பார்க்கச் செல்லும் அன்பர்கள் உள்ளே நுழையுமுன் கப்பலின் முகப்பைக் கவனிக்க வேண்டுகிறோம். அலையைப் பிளப்பதற்கேற்பக் கூராயிருக்கும். மின்கலத்தை நிரப்ப டீசல் எந்திரத்தை ஓட்டுவதற்காக அக்கப்பல் அடிக்கடி மேலே வரவேண்டியிருந்தமையால் அவ்வாறு அமைத்தனர். மேற்பரப்பில் எந்திரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி அலை எழுப்புவதிலேயே வீணாகும். ஆழத்தில் அலை எழாது. ஆகவே அங்கே கூர்முகத்தால் பயனில்லை. பருத்த தலையும் மெலிந்த வாலும் கொண்ட திமிங்கல வடிவமே ஆழத்துக்கு ஏற்றது. 1950-களில் அமெரிக்கர் 'அல்பகோர்' என்னும் சோதனைக் கப்பலைக் கொண்டு இதை மெய்ப்பித்தனர். விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை ஆராய்ச்சிக் கூடத்திலும் 500 மீட்டர் நீளமுள்ள நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்து, ஒவ்வொரு வடிவத்தையும் நீர் எவ்வளவு தடுக்கிறதென்று அளந்து பார்க்கிறார்கள்.