தலைக்கணக்கு செல்லாத சந்தை

சரவணகுமார் 2011-இல் லண்டனில் தொடங்கி, கோயம்புத்தூரைத் தன் வேலைக்களமாக்கிக்கொண்ட கோவை.கோ நிறுவனம், வெளியார் மூலதனத்தை நாடாமலே வளர்ந்து, ஊழியர் 140 பேருக்கு 14.5 கோடி ரூபாயைப் பகிர்ந்தளிக்கும் செய்தி 2025-இன் தொடக்கத்தில் வெளியானபோது, கொங்கு நாட்டார் பெருமிதம் கொண்டிருந்தால் அது முற்றிலும் நியாயமே.

அந்நிறுவனத்தின் டாக்குமென்ட்360, பிற கம்பெனிகள் தங்கள் சரக்குகளின் உபயோகக் குறிப்புகளை எழுதிப் பாதுகாக்கும் மென்பொருள். மென்பொருள் வியாபாரத்தில் நெடுநாளாக வேரூன்றியிருப்பது, உபயோகிப்போர் எத்தனை பேரோ அத்தனை சந்தா என்னும் தலைக்கணக்கு. ஆனால் குறிப்புகளைத் தேடி வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஏற்கும்போது, பத்துப் பேர் அமர்ந்திருந்த உதவி மையத்தில் இருவரே எஞ்சி, எட்டுச் சந்தாக்கள் மறைய, இரவு பகலின்றிப் பக்கம் புரட்டும் யந்திரத்தின் பாரம் மட்டும் விற்றவருடைய சர்வரின்மீது ஏறுகிறது.

ஆகவே மென்பொருள் நிறுவனங்கள் தலைக்கு அன்றி, முகவர் செய்யும் வேலைக்கே விலை வைக்கத் தொடங்கியுள்ளன. சென்னையில் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் தன் ஃபிரெடி முகவருக்கு உரையாடல் அமர்வு ஒன்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் 2024-இல் உரையாடலுக்கு 2 டாலர் என்றது, மறு ஆண்டே செயலுக்கு 10 சென்ட் என்னும் முறையையும் சேர்த்துக்கொண்டது. இன்டர்காம் தீர்த்துவைத்த வினாவுக்கு 99 சென்ட் என்று நிர்ணயித்தது.

செய்த வேலைக்குக் கூலி என்பது கொங்குப் பிரதேசத்துக்குப் புதிதன்று. சோமனூரிலும் பல்லடத்திலும் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர், ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் வாங்கி, நெய்து கொடுத்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி பெறுகிறார். தறியருகே எத்தனை பேர் நின்றார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வரவில்லை என்ற மனத்தாங்கலும் பலமுறை எழுந்ததுண்டு. ஆயினும் துணியின் நீளத்தை இருதரப்பாரும் தாமே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

தீர்ந்த வினாவை எந்தக் கோல்கொண்டு அளப்பது? இன்டர்காமின் விதிப்படி, பதில் கிடைத்தபின் மேற்கொண்டு எதுவும் கேளாமல் போனவருடைய வினாவும் தீர்ந்ததாகவே எண்ணப்படும். அலுத்து விலகியவரும் அக்கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். விற்பவரே கணக்கராகவும் இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதன்று.

சிறு அடிப்படைச் சந்தாவும், அதன்மேல் முகவர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் கட்டணமும் என்பதே கோவையின் மென்பொருளாளருக்கு உகந்த முறை என்பது என் திடமான அபிப்பிராயம். செயல்களின் பதிவேட்டை வாங்குபவர் எந்நேரமும் திறந்து பார்க்கும் உரிமையும், மாதச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். ஏனெனில் வரம்பு இல்லாவிடில், பழுதுற்ற முகவர் ஒன்று ஒரே குறிப்பை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டதற்கான பில்லைத் திருப்பூரின் சிறு பனியன் கம்பெனிக்காரர் தம் கையிலிருந்து கட்ட நேரும்.