காலையும் மாலையும் ஒரு மெட்டில்

ஐந்து நிமிட அளவில் முடிந்துவிடும் ஓர் இசையுருப்படியைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். ‘இளவேனிற் காலை ஒன்றினைப் பற்றி’ என்பது அதன் பிரெஞ்சுப் பெயரின் பொருள். அதனை 1917, 1918ஆம் ஆண்டுகளில் இயற்றியவர் லிலி பூலான்ஜே என்னும் நங்கையார்.

இவர் 1893இல் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். இரண்டாம் வயதிற் கண்ட நுரையீரற் சுரத்தினின்று பிழைத்தாரேனும் உடல்வன்மை மீளவில்லை. பின்னர்க் குடல்நோயும் பற்றி இறுதிகாறும் வருத்திற்று. ஆயினும் 1913இல், பத்தொன்பதாம் பிராயத்தில், ரோமாபுரிப் பரிசு எனும் பெரும்பரிசை இசைக்காகப் பெற்ற முதற் பெண்மணி இவரே. இவர் தந்தையார் 1835இல் அதனைப் பெற்றவர். (நமக்கும் அப்பிராயமே என்பதை நினைக்குந்தோறும் சிறிது நாணமுண்டாகின்றது.)

இவ்வுருப்படிக்குத் துணையாக ‘துயர் மாலை ஒன்றினைப் பற்றி’ என மற்றொன்றும் இயற்றினார். இரண்டும் சொல்லில்லாத கருவியிசை; இரண்டற்கும் அடிப்படையான மெட்டு ஒன்றே. மெட்டென்றது இராகத்தையன்று, சில ஸ்வரங்களைக் கோத்த சிறு தொடரையே. காலையில் அது துள்ளி விரைகின்றது: பல்லியக் குழுவினர் வாசிக்குங்கால், குழல் அதனை எடுத்துத் தர, நரம்புக் கருவிகள் அடியில் மெல்லத் துடிக்கின்றன. நடுவே நடை தளர்ந்து, பனி மூடினாற்போல் ஒரு மயக்கம். பின்னர்ப் பழைய விரைவு மீண்டு ஒளியோடு முடிகின்றது. மாலையிலோ அதே மெட்டு காலிற் சுமை கட்டியதுபோல் ஊர்ந்து, ஏறக்குறைய இருமடங்கு நேரம் கொள்கின்றது. ஒரே முகம் நகைத்தலையும் அழுதலையும் காண்பது போன்றது இது.

அக்காலத்தே ஐரோப்பாவிற் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. லிலி தம் தமக்கையார் நாதியாவுடன் கூடி, போர்முனை சென்ற இசை மாணாக்கர்க்கு உதவும் சங்கம் ஒன்றை நிறுவினார். நோய் முற்றியபோது ‘பியே ஜேசு’ என்னும் செபப் பாடலைத் தமக்கையார்க்குச் சொல்லி எழுதுவித்தார். 1918 மார்ச்சு 15ஆம் நாள், இருபத்துநான்காம் வயதில், உயிர் நீத்தார்.

இவ்வரலாறறிந்தோர் காலையுருப்படியிலும் கண்ணீரைத் தேடுவர். நாமும் அவ்வாறே கேட்டோம். நடுவில் வரும் மயக்கம் மரணத்தின் நிழலே என்று நண்பரொருவரோடு வாதிட்டதும் உண்டு. பன்முறை கேட்டபின் அக்கொள்கையைக் கைவிட்டோம். துயர்க்கென்று தனியே ஒன்றை அவர் வகுத்துவைத்திருக்க, காலையின் மகிழ்ச்சியை அவர்பால் நின்று நாம் பறிப்பது முறையாகுமோ? நோயாளி மகிழ்ந்தால் அது நடிப்பென்று கொள்வது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அஃது அவமதிப்பேயாம்.

வயலினும் பியானோவுமாகவும், அவற்றோடு செல்லோவும் கூடிய மூவர் இசையாகவும், பல்லிய இசையாகவும் காலையுருப்படி அமைந்துள்ளது. புதிதாய்க் கேட்பார் பல்லிய வடிவத்தையே தேர்க. பலரும் காலையை முதலிற் கேட்டு மாலையில் முடிப்பர். நாம் மாலையை முதலிற் கேட்டுப் பின்னர்க் காலைக்கு வருகின்றோம்.