பெயரை மீட்க ஓடியவர்

வெற்றி மேடையில் நிற்கும் வீரன் தலை நிமிர்ந்து நிற்றலே உலக வழக்கு. 1936 ஆகஸ்டு 9ஆம் நாள் பெர்லின் ஒலிம்பிக் அரங்கில், 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தில் பொற்பதக்கம் வென்ற இளைஞரோ தலை கவிழ்ந்து நின்றார். பரிசாக அளிக்கப்பெற்ற ஓக் மரக்கன்றை மார்போடு அணைத்து, சட்டையிலிருந்த ஜப்பானியக் கொடியை மறைத்துக்கொண்டார். மூன்றாமிடம் பெற்றுப் பக்கத்தில் நின்ற நாம் சுங் யோங்கும் அவருடைய நாட்டவரே. அவருக்கு மரக்கன்று கிடைக்கவில்லை. தோழரின் பொற்பதக்கத்தின்மீது தாம் பொறாமை கொள்ளவில்லை என்றும், கொடியை மறைக்க உதவிய அக்கன்றின்மீதே பொறாமை கொண்டதாகவும் நாம் பிற்காலத்தில் கூறினார்.

அவ்விளைஞரே சோன் கீ சுங். இன்றைய வடகொரியாவில், யாலு ஆற்றங்கரையிலுள்ள சினுய்ஜு நகரில் 1912இல் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1910இல், ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டிருந்தது. ஆதலின் ஒலிம்பிக்கில் ஓட விழையும் கொரியனுக்கு ஜப்பானிய அணியன்றி வேறு வாயில் இல்லை. 1935 நவம்பரில் டோக்கியோவில் 2 மணி 26 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவரை ஒதுக்கிவிடவும் அவ்வணியால் இயலவில்லை.

பெர்லினில் அவர் பெயர் ‘சோன் கிடெய்’ என அறிவிக்கப்பட்டது. மொழி பயில்வோர் இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவர் பெயரை எழுதும் சீன எழுத்துகள் மூன்று. அவற்றைக் கொரியர் ‘சோன் கீ சுங்’ என்பர். ஜப்பானியர் தம் ஒலிப்பு முறையில் ‘சோன் கிடெய்’ என்பர். எழுத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஒலி மட்டுமே மாறியது. அம்மாற்றத்தால் ஒரு மனிதர் வேறொரு நாட்டவர் ஆகிவிட்டார்! அதனை நன்குணர்ந்தமையாற்றான், கையொப்பம் கேட்டு வந்தோருக்கு அவர் கொரிய எழுத்திலேயே பெயரெழுதி, அருகில் கொரியத் தீபகற்பத்தின் வடிவத்தையும் வரைந்து கொடுத்தார்.

ஓட்டத்தின் செய்தியும் சுவை மிக்கது. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் வென்ற அர்ஜென்டினா வீரர் ஹுவான் கார்லோஸ் சபாலா தொடக்கத்திலேயே வெகு விரைவாக முன்னேறினார். அவரைத் துரத்த முற்பட்ட சோனை, உடன் ஓடிவந்த இங்கிலாந்து வீரர் எர்னி ஹார்ப்பர் அமைதியாக ஓடுமாறு தடுத்து உணர்த்தினார் என்பர். போட்டியாளனுக்கு நல்லுரை கூறிய அப்பண்பு பதக்கத்தினும் பெரிது என்பது என் துணிபு. ஹார்ப்பர் கணித்தபடியே சபாலா களைத்துப்போய், இறுதியில் ஓட்டத்தையே கைவிட்டார். சோன் 2 மணி 29 நிமிடம் 19.2 விநாடியில் அரங்கினுள் நுழைந்து முடித்தார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டரை மணிக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. நல்லுரை கூறிய ஹார்ப்பர் இரண்டாமிடம் பெற்றார்.

(அதே பெர்லினில் ஆறு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 15இல், ஹாக்கி இறுதிப் போட்டியில் நம் இந்திய வீரர்களும் பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின்கீழேயே ஆடினர். களமிறங்குமுன் உடைமாற்றும் அறையில் காங்கிரசின் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திச் சென்றனர். சோனின் நெஞ்சம் நமக்கு அயலானதன்று.)

தாயகத்தில் ‘டோங்-ஆ இல்போ’ நாளிதழ், வெற்றி மேடைப் படத்தில் சோனின் மார்பிலிருந்த கொடியை அழித்து வெளியிட்டது. விளைவு, இதழாளர்கள் சிறைப்பட்டனர். இதழ் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் முடக்கப்பட்டது. ஒரு படத்தில் ஒரு சிறு வட்டத்தை அழித்ததற்கு அரசு கொண்ட அச்சம் அத்துணை!

1945இல் ஜப்பானிய ஆட்சி நீங்கியது. சோன் பயிற்சியாளரானார். 1947இல் அவரிடம் பயின்ற சு யுன் போக், பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 25 நிமிடம் 39 விநாடியில் வென்றார். பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக நின்ற ஆசிரியரின் உலக சாதனையை மாணவரே முறியடித்தார். அதுவும் கொரியர் என்ற பெயரோடு. 1948 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கொரியக் கொடியை ஏந்திச் சென்றவர் சோன். 1950இல் பாஸ்டனின் முதல் மூன்று இடங்களையுமே கொரியர் கைப்பற்றினர். அடுத்த சில வாரங்களில் போர் மூண்டது. நாடு இரண்டாகப் பிரிந்தே நின்றுவிட, தெற்கில் வாழ்ந்த சோனுக்குப் பிறந்த ஊர் எல்லைக்கு அப்பாலானது.

பெர்லின் வெற்றியாளருக்கென அளிக்கப்பட்ட பழங்கிரேக்க வெண்கலத் தலைக்கவசம் ஒன்று அவர் கைக்கு வாராமல், பெர்லின் அருங்காட்சியகமொன்றிலேயே தங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1986இல்தான் அவரிடம் அது சேர்ந்தது. அதனையும் 1994இல் நாட்டின் தேசிய அருங்காட்சியகத்திற்கு வழங்கிவிட்டார்.

1988 சியோல் ஒலிம்பிக்கில், எழுபத்தாறு வயதில், சுடரேந்தி அரங்கினுள் துள்ளிக் குதித்து ஓடிய அம்முதியவரைக் கண்டோர் மறவார். 1992இல் பார்சிலோனாவில், அதே ஆகஸ்டு 9ஆம் நாள், ஹுவாங் யுங் சோ என்னும் கொரியர் ஜப்பானிய வீரர் ஒருவரைப் பின்தள்ளி மாரத்தான் பொற்பதக்கம் வென்றபோது சோன் அரங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 2002இல் அவர் மறைந்தார்.

பெர்லின் அரங்கச் சுவரில் 1936ஆம் ஆண்டு வெற்றியாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 1970இல் கொரிய அரசியலாளர் ஒருவர் இரவில் அங்குச் சென்று, சோன் பெயரோடிருந்த ‘ஜப்பான்’ என்ற சொல்லை உளியால் செதுக்கி நீக்கி, ‘கொரியா’ எனப் பொறித்தார். பின்னர் அச்சொல் பழையபடி மாற்றப்பட்டது. ஒலிம்பிக் ஏடுகளிலும் அவ்வெற்றி ஜப்பானின் கணக்கிலேயே நிற்கிறது.