சொந்த வீடு வாங்குமுன்: தொழிலாளர் கேட்கும் வினாக்களும் விடைகளும்

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த பகுதியாக இருந்தது. சுரங்கக் குழி இன்று ஏரியாகிவிட்டது. பால்மரங்கள் நின்ற இடங்களில் தாமான்களும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. இவ்வட்டாரத்திலும் இதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வீடு வாங்க விரும்பும் தோட்டத் தொழிலாளர் பலர். வீட்டின் விலையை எல்லாரும் விசாரிக்கின்றனர். அவ்விலைக்கு அப்பால் உள்ள செலவுகளை விசாரிப்போர் சிலரே. பின்னர்த் துன்பம் தருபவை பெரும்பாலும் அச்செலவுகளே. ஆகவே அடிக்கடி எழும் வினாக்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வினா: தோட்டத்தில் குடியிருக்க வீடு இருக்கிறதே, கடன்பட்டு இன்னொரு வீடு எதற்கு?

விடை: தோட்ட வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. நம் நாட்டில் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதன்பின் அவ்வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை தொழிலாளருக்கு இல்லை. ஓய்வுக்கு முன்னரே தோட்டம் மறைந்துவிடுவதும் உண்டு. ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே இருந்த பெராங் பெசார் தோட்டத்தில்தான் 1995ஆம் ஆண்டு புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர நேர்ந்தது. எனவே சொந்த வீட்டைப் பற்றி எண்ணவேண்டிய காலம் உடலில் வலுவும் கையில் சம்பளமும் உள்ள காலமே.

வினா: 200,000 வெள்ளி விலையுள்ள வீட்டை வாங்கக் கையில் எவ்வளவு வேண்டும்?

விடை: வங்கி 90 விழுக்காடு கடன் தருமாயின், முன்பணம் 20,000 வெள்ளி. அத்துடன் வழக்கறிஞர் கட்டணம் உண்டு. 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த விகிதப்படி, முதல் 500,000 வெள்ளிக்கு அது 1.25 விழுக்காடாகும். பழைய வீட்டை ஒருவரிடமிருந்து வாங்குவோர்க்கு விற்பனைப் பத்திரத்திற்கு 2,500 வெள்ளியும், 180,000 வெள்ளிக் கடன் பத்திரத்திற்கு 2,250 வெள்ளியும் ஆகும். சேவை வரியும் சில்லறைச் செலவுகளும் இவற்றுக்கு மேல்.

அடுத்து முத்திரை வரி. பெயர் மாற்றத்துக்கு முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடும், அடுத்த 400,000 வெள்ளி வரை 2 விழுக்காடும் விதிக்கப்படும். இவ்வீட்டுக்கு அது 3,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 900 வெள்ளி. முதல் வீடு வாங்கும் மலேசியர்க்கு, விலை 500,000 வெள்ளியைத் தாண்டாதிருந்தால், இவ்வரியிலிருந்து விலக்கு அளிக்கும் திட்டம் 2021இல் தொடங்கியது. இத்தகைய விலக்குகளுக்குக் காலவரையறை உண்டு. கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் உள்ளதா என வழக்கறிஞரிடம் கேட்டறிதல் வேண்டும். வங்கி கோரும் வீட்டு மதிப்பீட்டுக் கட்டணம், தீக்காப்புறுதி ஆகியவற்றையும் சேர்த்தால், முன்பணம் நீங்கலாக மேலும் பல ஆயிரம் வெள்ளி தேவைப்படும்.

வினா: சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாமா?

விடை: எடுக்கலாம். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மாதச் சந்தாவில் 15 விழுக்காடு 'செஜாத்ரா' கணக்கில் சேரும். வீடு வாங்க உதவுவது அக்கணக்கே. விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தோடு விலையில் 10 விழுக்காட்டையும் கூட்டிய தொகை, அல்லது அக்கணக்கின் இருப்பு, இவற்றுள் எது குறைவோ அதைப் பெறலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் இருவரும் விண்ணப்பிக்கலாம். ஒன்றை மறவாதிருத்தல் நலம்: விற்பனைப் பத்திரம் கையெழுத்தான பின்னரே சேமநிதிப் பணம் கிடைக்கும். முன்பணத்தைக் கைச்சேமிப்பிலிருந்தே முதலில் கட்டவேண்டியிருக்கும்.

வினா: மாதத் தவணை எவ்வளவு வரும்? காலத்தை நீட்டினால் நல்லதன்றோ?

விடை: 180,000 வெள்ளிக் கடனுக்கு ஆண்டு வட்டி 4 விழுக்காடு எனக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

20 ஆண்டு: மாதம் சுமார் 1,091 வெள்ளி, மொத்தம் சுமார் 261,800 வெள்ளி.
30 ஆண்டு: மாதம் சுமார் 859 வெள்ளி, மொத்தம் சுமார் 309,400 வெள்ளி.
35 ஆண்டு: மாதம் சுமார் 797 வெள்ளி, மொத்தம் சுமார் 334,700 வெள்ளி.

காலம் நீண்டால் மாதச்சுமை குறையும், மொத்தச்சுமை கூடும். வீட்டுக்கடனுக்கு 35 ஆண்டே உச்சவரம்பு என பேங்க் நெகாரா 2013இல் வரையறுத்தது. 45 வயதுள்ளவர் 30 ஆண்டுக் கடன் கேட்டால், சம்பளம் நின்றபின் 15 ஆண்டு யார் கட்டுவது என்ற வினா எழும். பிள்ளைகள் கட்டுவர் என்று எண்ணுவோர், கையெழுத்திடுமுன் பிள்ளைகளிடம் பேசி முடிவு செய்தல் நன்று.

பெரும்பாலான வீட்டுக்கடன்களின் வட்டி நிலையானதன்று. 2022 மே தொடங்கி 2023 மே வரை பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி 1.75 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாக உயர்ந்தது. அதே அளவு உயர்வு மேற்கண்ட 30 ஆண்டுக் கடனில் ஏற்பட்டால், தவணை 859 வெள்ளியிலிருந்து ஏறத்தாழ 994 வெள்ளியாகும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒருவருக்கு இவ்வீட்டுத் தவணை வருமானத்தில் பாதிக்கும் மேல். கணவன் மனைவி இருவரும் உழைத்தால் அது கால் பங்கு அளவில் நிற்கும். பால்மரத்தில் கத்தி ஆழப் பாய்ந்தால் அன்றைய பால் வடியும்; பட்டையோ காயப்பட்டுவிடும். சம்பளத்தில் ஆழ வெட்டும் தவணையும் அத்தகையதே.

வினா: குடிபுகுந்தபின் என்னென்ன செலவுகள்?

விடை: நிலவரியும் மதிப்பீட்டு வரியும் வெவ்வேறானவை. நிலவரி ஆண்டுக்கொருமுறை மாநில நில இலாகாவுக்குச் செலுத்தப்படுவது. சிலாங்கூர் அடுக்குமாடிகளில் 2018 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே வரி விதிக்கப்படுகிறது. மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை ஊராட்சி மன்றத்துக்குரியது. ஸ்ரீ கெம்பாங்கானில் அது சுபாங் ஜெயா மாநகர் மன்றம். அடுக்குமாடியாயின் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும், அதில் 10 விழுக்காடு சேமிப்பு நிதியும் சேரும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகியவற்றின் கட்டணங்களோடு, தோட்டத்துக்கு அன்றாடம் சென்றுவரும் பெட்ரோல் செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

வினா: மின்தூக்கி பழுது, மேல்வீட்டுக் கசிவு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு?

விடை: 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பொதுப்பகுதிகளைப் பேணுவது வீட்டுரிமையாளர்களின் கூட்டு நிர்வாக அமைப்பு. பராமரிப்புக் கட்டணத்தைப் பலர் கட்டாவிட்டால் மின்தூக்கியைப் பழுதுபார்க்கப் பணமிராது. கட்டியவரும் படியேற வேண்டிவரும். கூரை வழியே நீர் கசிந்தால் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 7 நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்வையிடுதல் விதி. மேல் குறிப்பிட்ட டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் கட்டடங்களிலேயே விரிசல் கண்டு, மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டு வந்தனர். வீட்டின் உள்ளழகை மட்டும் பாராமல் சுவர், தூண், படிக்கட்டு, கூரை ஆகியவற்றையும் பார்த்து வாங்குதல் வேண்டும் என்பதற்கு அது சான்று.

வினா: புதிய வீட்டை மேம்பாட்டாளர் தாமதமாகத் தந்தால்?

விடை: 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழுள்ள ஒப்பந்தப்படி, தரைவீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைப்பது பொது விதி. தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் நாட்கணக்கில் இழப்பீடு உண்டு. 200,000 வெள்ளி வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 வெள்ளி. சாவி பெற்ற 24 மாதங்களுக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்தல் வேண்டும். ஆகவே குறைகளைப் படம் பிடித்து, எழுதிக்கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீராவிடில் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டணம் செலுத்தி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை.

விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் 'புக்கிங்' பணம் வாங்குவது சட்டவிரோதம். மேம்பாட்டாளர் உரிமம் பெற்றவரா என்பதை வீடமைப்பு அமைச்சில் முதலில் விசாரியுங்கள். கட்டிமுடியாமல் கைவிடப்பட்ட திட்டத்தில் சிக்கியவர், குடிபுகாத வீட்டுக்குத் தவணையும் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கட்டி அல்லற்பட நேரிடும்.

வினா: நோயாலோ வேலையிழப்பாலோ தவணை கட்ட இயலாமற்போனால்?

விடை: வங்கியின் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடுவதே பெருந்தவறு. முதல் தவணை தவறுமுன்னரே வங்கிக்குச் சென்று நிலையைக் கூறுங்கள். 2006இல் தோற்றுவிக்கப்பட்ட கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. தவணையை மாற்றியமைக்கவும் துணைபுரிகிறது. வீடு ஏலத்துக்குப் போய், ஏலத்தொகை கடனுக்குப் போதாவிட்டால், மிச்சக் கடன் வாங்கியவர் தலைமேலேயே நிற்கும். வீடும் இல்லை, கடனும் தீரவில்லை என்ற நிலை வரும். தவணை கட்டுவதற்காக வட்டி முதலைகளிடம் கடன் வாங்குவது அதனினும் கொடிது.

குடும்பத் தலைவர் மறைந்தால் மிச்சக் கடனை அடைக்கும் காப்புறுதியும் உண்டு. கடன் பெறும்போதே அதைப் பற்றிக் கேளுங்கள். அக்காப்புறுதி யார் பெயரில் உள்ளது, எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்க எண்ணுவோர் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தவணையும் பராமரிப்பும் மாதம் 950 வெள்ளி ஆகுமெனில், ஆறு மாதம் அத்தொகையைத் தனியே சேமிப்பில் போட்டு, மீதிப் பணத்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். முடிந்தால் 5,700 வெள்ளி கையில் சேர்ந்திருக்கும். பத்திரச் செலவுக்கு அது உதவும். முடியாவிட்டால், அந்த விலையில் வீடு வாங்க இன்னும் காலம் வரவில்லை என்பது கடன்படுமுன்னரே தெரிந்துவிடும்.