பழைய சுழல் துப்பாக்கியை மதிப்பிடல்

பழைய சுழல் துப்பாக்கியை மதிப்பிடல் என்பது, ரிவால்வர் எனப் பரவலாக அறியப்படும் சுழல் துப்பாக்கி ஒன்றைப் பிறரிடமிருந்து வாங்கும் முன் அதன் இயங்குநிலையையும் சந்தை விலையையும் கணிக்கும் முறையாகும். தனியார் துப்பாக்கி வைத்திருப்பது பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவில் இது நன்கு வளர்ந்த ஓர் அறிவு. கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் ஆகிய நிறுவனங்களின் 20 ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் அங்கு மிகுதியாகத் தேடப்படுவதால், அவையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

இருவகை மதிப்பு

சுடுவோருக்கான மதிப்பும் சேகரிப்போருக்கான மதிப்பும் வேறுவேறு. ஒன்றை உயர்த்தும் செயல் மற்றதைக் குறைக்கக்கூடும். மங்கிய துப்பாக்கியைத் தேய்த்து மீண்டும் நீலமேற்றினால் அது புதியது போலத் தோன்றும். ஆனால் சேகரிப்பாளர் தரும் விலை பாதியாகக்கூடக் குறையலாம். பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கு ஒப்பானது இது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1980களிலும் 1990களிலும் அமெரிக்கக் காவல் துறைகள் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறியபோது, அவற்றின் சுழல் துப்பாக்கிகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. பல ஆண்டுகள் இடுப்பு உறையில் உரசியதால் இவற்றின் வெளிப்புறம் தேய்ந்திருக்கும். சுடப்பட்டதோ பெரும்பாலும் குறைவே. சுடுவதற்காக வாங்குவோருக்கு இவை நல்ல பேரம்.

அடையாளம் காணல்

ஸ்மித் அண்ட் வெசன் 1957 முதல் தன் துப்பாக்கிகளுக்கு மாதிரி எண்களை வழங்கியது. சுழலுருளையை வெளியே திறந்தால், உருளையைத் தாங்கும் கை சட்டகத்துடன் பொருந்தும் இடத்தில் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். 10-5 என்பதில் 10 மாதிரியையும், 5 அம்மாதிரியில் செய்யப்பட்ட பொறியியல் மாற்றத்தின் வரிசையையும் குறிக்கின்றன. மென்பொருள்களின் பதிப்பு எண்களை அறிந்தோர்க்கு இது உடனே விளங்கும்.

அதே இடத்தில் காணப்படும் வேறோர் எண்ணை வரிசை எண் எனப் பலர் தவறாகக் கொள்கின்றனர். அது தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது பயன்பட்ட எண்ணாக இருக்கலாம். பழைய துப்பாக்கிகளில் உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். பலவற்றில் அதே எண் உருளையிலும் குழலின் அடியிலும் காணப்படும். இவை ஒத்திருந்தால் பாகங்கள் மாற்றப்படவில்லை எனலாம். வரிசை எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பது அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகும் என்பதால், அதற்கு விலை பேசவே கூடாது.

இயக்கச் சோதனை

முதலில் உருளையைத் திறந்து எல்லா அறைகளிலும் தோட்டா இல்லை என உறுதி செய்ய வேண்டும். விற்பவர் சொல்லைக் கொண்டு இதைத் தவிர்க்கலாகாது.

சோதனைகளுள் முதன்மையானது ஒழுங்கமைவு, அதாவது ஒவ்வோர் அறையும் உரிய நேரத்தில் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்வது. உருளையை விரலால் இலேசாகத் தடுத்தபடி சுத்தியலை மெதுவாகப் பின்னிழுக்க வேண்டும். சுத்தியல் முழுதாக நிற்பதற்குள் உருளை பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறையில் சரியாக இருப்பது அடுத்ததில் பிழைக்கக்கூடும் என்பதால் எல்லா அறைகளையும் தனித்தனியே சோதிப்பது அவசியம். வெற்று அறைகளில் வெளித்தள்ளியின் சிற்றசைவு தவறான முடிவைத் தரக்கூடும். எனவே போலித் தோட்டாக்களை இட்டுச் சோதிப்பது நன்று. ஒழுங்கு தவறிய துப்பாக்கியில் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயச் சிதறல்கள் பக்கவாட்டில் தெறிக்கும். அருகில் நிற்பவரின் கண்ணுக்கும் இதனால் தீங்கு நேரலாம்.

பூட்டிய நிலையில் உருளை எவ்வளவு ஆடலாம் என்பதில் இரு நிறுவனங்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பழைய கோல்ட் துப்பாக்கிகளில் விசையை அழுத்திப் பிடித்தால் உருளை சற்றும் அசையாது; அசைந்தால் அது தேய்மானத்தின் அறிகுறி. ஸ்மித் அண்ட் வெசனில் சிறிது ஆட்டம் இயல்பே. இதை அறியாமல் நல்லதை ஒதுக்குவோரும், பழுதானதை வாங்குவோரும் உண்டு. பழைய கோல்ட் பொறியைச் சீராக்க வல்லோர் அரிதென்பதால் இப்பிழை செலவு மிக்கது.

உருளை முன்னும் பின்னும் நகர்கிறதா எனவும், உருளைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளால் இதை அளக்கலாம். ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் நல்ல அளவு, 0.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயுறலாம்.

1955 இல் அறிமுகமான .357 மேக்னம் வகையான மாதிரி 19 இல் மேலும் ஒரு சோதனை தேவை. இதில் குழலின் பின்வாய் அடிப்புறத்தில் தட்டையாகச் செதுக்கப்பட்டிருப்பதால் அங்கு உலோகம் மெல்லியது. 125 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் எடையுள்ள விரைவான குண்டுகளை மிகுதியாகச் சுட்டால் அவ்விடம் வெடித்துப் பிளப்பதுண்டு. மாற்றுக் குழல் எளிதில் கிடைப்பதில்லை. வெளியே மாசுமறுவற்ற துப்பாக்கியிலும் இவ்வெடிப்பு இருக்கலாம். சிறு விளக்கொளியில் பார்த்தாலே தெரியும்.

தோற்றமும் விலையும்

மங்கலான எழுத்துகள், மழுங்கிய விளிம்புகள், குழிந்த திருகுத் துளைகள் ஆகியன மறுநீலமேற்றலின் தடயங்கள். ஸ்மித் அண்ட் வெசனில் சுத்தியலும் விசையும் பலவண்ணக் கடினமாக்கலுடன் வருவது வழக்கம். அவையும் நீலமாக இருந்தால் எச்சரிக்கை கொள்ளலாம். தொழிற்சாலையே புதுப்பித்தவற்றில் வரிசை எண்ணருகே நட்சத்திரக் குறி இடப்பட்டதுண்டு.

மூலப் பெட்டியும் தாள்களும் விலையை உயர்த்தும். கோல்ட் ஆவணக் காப்பகமும் ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையும் கட்டணம் பெற்று, துப்பாக்கி எப்போது தொழிற்சாலையை விட்டுச் சென்றது என்பதற்குக் கடிதம் வழங்குகின்றன. விலை நூல்கள் வழிகாட்டிகள் மட்டுமே. ஏலங்களில் உண்மையில் முடிந்த விலைகளே நம்பத்தக்கவை, விற்பவர் கேட்கும் விலைகள் அல்ல. கோல்ட் பைத்தான் வாங்குவோர் ஆண்டையும் கவனிக்க வேண்டும்: 1955 முதல் 2005 வரை வந்ததும் 2020 இல் மீண்டும் வந்ததும் ஒரே பெயரைத் தாங்கினாலும் உட்பொறி வேறு, விலையும் வேறு.